குழாயைத் திறந்தா நாலு ஊர்

டிஸ்கி: இது கொஞ்சம் நீளமான பதிவு. மொக்கை எதிர்பார்த்து வந்த மக்கள் அப்படியே அப்பீட் ஆகிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

போன கோடையில அம்மா ஊர்லேர்ந்து பாஸ்டனுக்கு வந்திருந்தாங்க. வந்த மறுநாள் காலையில நான் சமையலறைக் குழாயைத் திறந்து, டம்ளர்ல பிடிச்சு, அப்படியே மடக் மடக்குன்னு குடிச்சேன். அம்மா பதறிட்டாங்க.

"ஏன்டா, காய்ச்சாமலா குடிக்கிற? எந்த ஆத்துத் தண்ணிடா இது?"

"நல்ல தண்ணிம்மா. இங்க எல்லாரும் இப்படித்தான் குடிப்பாங்க."

"அது சரி. எந்த ஆறுன்னு கேட்டேன்."

பதில் தெரியலை. மூணு வருஷமா இந்த ஊர்ல பொட்டி தட்டறேன். எந்த சர்வர் எந்த ஊர்ல ஓடுதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவேன். ஆனா தினமும் குடிக்கிற தண்ணி எங்கேருந்து வருதுன்னு ஒரு தடவைகூட யோசிச்சதில்லை. அம்மாவுக்கு ஊர்ல எந்தத் தெருக்குழாய்ல எந்தத் தண்ணி வரும், அதுல பருப்பு வேகுமா வேகாதா வரைக்கும் தெரியும். நாமதான் எஞ்சினீயராச்சே!

அன்னிக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சது, மூணு மாசம் வார இறுதிகளை முழுங்கிடுச்சு. அந்தக் கதைதான் இது.

*

பாஸ்டனுக்கு மேற்கே சுமார் 65 மைல்ல குவாபின் நீர்த்தேக்கம்னு ஒண்ணு இருக்கு. 18 மைல் நீளம், 39 சதுர மைல் பரப்பு. நிரம்பினா 41,200 கோடி கேலன் தண்ணி. பாஸ்டனும் சுத்துப்பட்டு ஊர்களுமா சுமார் 30 லட்சம் பேர் இங்கேருந்தும் நடுவுல இருக்கிற வச்சூசெட் நீர்த்தேக்கத்துலேர்ந்தும் வர்ற தண்ணியைத்தான் குடிக்கிறாங்க. அம்மா கேட்ட ஆத்தோட பேர் ஸ்விஃப்ட் நதி.

அடுத்த வரியிலதான் தூக்கிவாரிப் போட்டுச்சு. இந்த நீர்த்தேக்கத்துக்காக டேனா, என்ஃபீல்ட், கிரீன்விச், ப்ரெஸ்காட்னு நாலு ஊர்களை அரசாங்கம் இல்லாமலே பண்ணிடுச்சு. சுமார் 2,500 பேர் வீடு வாசலை விட்டுக் கிளம்பினாங்க. 1938 ஏப்ரல் 28-ம் தேதி, நள்ளிரவு தாண்டி ஒரு நிமிஷத்துல, இந்த நாலும் சட்டப்படி ஊர்களே இல்லைன்னு ஆச்சு.

இங்க 'டவுன்'னு சொல்றது வெறும் குடியிருப்பு இல்லை. வருஷா வருஷம் ஊர்க்கூட்டம் போட்டு, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு, சாலைக்கு எவ்வளவுன்னு ஊர்க்காரங்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்ற அமைப்பு. கிரீன்விச் 1754-ல ஊரானது. அமெரிக்கான்னு ஒரு நாடு பிறக்கிறதுக்கு முன்னாடி! டேனா 1801, என்ஃபீல்ட் 1816, ப்ரெஸ்காட் 1822. இதையெல்லாம் ஒரே நிமிஷத்துல ரத்து பண்ணினா எப்படி இருந்திருக்கும்? அதுக்கு முந்தின ராத்திரி என்ஃபீல்ட் டவுன் ஹால்ல ஒரு பிரிவு நடன விருந்து வச்சிருக்காங்க. உள்ள இடம் பத்தாம வெளியேயும் கூட்டம். மணி பன்னிரண்டு ஆனப்போ பாண்டுக்காரங்க வாசிப்பை நிறுத்தி, விடைபெறும் பாட்டுக்கு மாறினாங்களாம். அழாத ஆளே இல்லைன்னு அங்க இருந்தவங்க பின்னாடி சொல்லியிருக்காங்க.

இந்த ஊர்கள் எப்படி இருந்துச்சுன்னு பார்க்கணும்போல இருந்தது. இப்போதைய மேப்ல தேடினா நீலமா ஒரு பெரிய திட்டு, அவ்வளவுதான். அப்பதான் பழைய டோபோ ஷீட் மாட்டுச்சு.

*

அமெரிக்க நிலவியல் அளவைத் துறை (யு.எஸ்.ஜி.எஸ்.) மாசசூசெட்ஸ் மாநில அரசோட சேர்ந்து 1884-லேர்ந்து 1888-க்குள்ள மாநிலம் முழுசையும் அளந்து வரைபடமாக்கினாங்க. அமெரிக்காவுல முழுசா வரையப்பட்ட முதல் மாநிலங்கள்ல இது ஒண்ணு. 1:62,500 அளவு. அதாவது தாள்ல ஒரு அங்குலம்னா நிலத்துல கிட்டத்தட்ட ஒரு மைல். இப்ப அந்தப் பழைய தாள்களையெல்லாம் ஸ்கேன் பண்ணி இலவசமாவே இணையத்துல வச்சிருக்காங்க. என்ஃபீல்ட், கிரீன்விச், ப்ரெஸ்காட் எல்லாம் 'பெல்ச்சர்டவுன்'னு பேர் போட்ட தாள்ல இருக்கு.

மூணே மூணு நிறம். ஆறு, ஓடை, குளம் எல்லாம் நீலம். சாலை, ரயில், வீடு, எழுத்து எல்லாம் கறுப்பு. நிலத்தோட உயரத்தைக் காட்டுற கான்டூர் கோடுகள் பழுப்பு. ஒரே உயரத்துல இருக்கிற இடங்களையெல்லாம் இணைச்சா வர்ற கோடுதான் கான்டூர். இந்தத் தாள்ல 20 அடிக்கு ஒரு கோடு. கோடுகள் நெருங்கினா செங்குத்தான மலை, விலகினா சமவெளி.

இதை வரைஞ்சவங்க கையில ஜிபிஎஸ் இல்லை, விமானம் இல்லை. முக்காலி மேல ஒரு வரைபலகை, அதுல திசை பார்க்க ஒரு அளவுகோல். குன்று குன்றா ஏறி, தெரியற கோபுரத்தையும் உச்சியையும் குறிவச்சுக் கோடு போட்டு, அளந்த புள்ளிகளுக்கு நடுவுல நிலம் எப்படி வளையுதுன்னு கண்ணால பார்த்து அங்கேயே வரைஞ்சிருக்காங்க.

அந்தத் தாளை முதல்தடவை பெரிசாக்கிப் பார்த்தப்போ ரொம்ப நேரம் சும்மா பார்த்துக்கிட்டே இருந்தேன். ஸ்விஃப்ட் நதி மேற்கு, நடு, கிழக்குன்னு மூணு கிளையா வந்து சேருது. பக்கத்துலயே ரயில் பாதை, வடக்கே ஏதால்லேர்ந்து தெற்கே ஸ்ப்ரிங்ஃபீல்ட் வரைக்கும் போறது. அடிக்கொரு ஸ்டேஷன்ல நின்னு நின்னு போறதால அதுக்கு 'முயல் ஓட்டம்'ங்கிற மாதிரி ஒரு செல்லப்பேர் உண்டு. 1935-ல அந்த ரயில் நின்னுபோச்சு. பாமராய், லிஸ்ஸி, சையான்னு சின்னச் சின்ன மலைகள். சாலை ஓரமெல்லாம் பொடிப் பொடியாக் கறுப்புச் சதுரம். ஒரு சதுரம் ஒரு வீடு. எறும்பு வரிசை மாதிரி வந்து, ரெண்டு சாலை சேர்ற இடத்துல கொத்தாக் கூடுது. அந்தக் கொத்துக்குப் பேர் என்ஃபீல்ட். ஆறு மைல் தள்ளிப் பார்த்தா இன்னொரு கொத்து.

வரைஞ்சவங்களுக்கு இதெல்லாம் தண்ணிக்குள்ள போகும்னு தெரியாது. வேலை முடிஞ்சு ஏழு வருஷம் கழிச்சு, 1895-ல, மாநில சுகாதார வாரியம் பாஸ்டனோட தண்ணித் தேவை பத்தி ஒரு அறிக்கை குடுத்துச்சு. இப்போதைக்கு நாஷுவா நதியை மறிச்சு வச்சூசெட் கட்டுங்க, பிற்காலத்துல இன்னும் மேற்கே வேர் நதி, ஸ்விஃப்ட் நதி வரைக்கும் போகலாம்னு அதுல இருந்தது. அந்த ஒரு வரி அச்சான நாள்லேர்ந்தே இந்தப் பள்ளத்தாக்கு தலைக்கு மேல கத்தி தொங்கின மாதிரிதான். நாளைக்கு மூழ்கப் போற ஊர்ல யார் புதுசா வீடு கட்டுவாங்க? யார் ஆலை வைப்பாங்க? தண்ணி வர்றதுக்கு 40 வருஷம் முன்னாடியே ஊர் கரைய ஆரம்பிச்சாச்சு.

*

சரி, நம்ம மேட்டருக்கு வருவோம். இந்தப் பழைய தாள்ல தண்ணியை விட்டுப் பார்த்தா என்ன? எந்த வீடு மூழ்கும், எது தப்பிக்கும்னு கணக்குப் போடலாமே!

கல்லூரியில கணினி வரைகலைப் பாடத்துல ஒரு அல்காரிதம் படிச்சிருப்போம். ஒரு புள்ளியில ஆரம்பிச்சு, பக்கத்துப் புள்ளி நிபந்தனைக்கு உட்பட்டதா பாரு, ஆமான்னா வண்ணம் அடி, அங்கேருந்து அடுத்தது. பெயிண்ட் மென்பொருள்ல வாளியைக் கவுத்தா நிறம் பரவுதே, அதேதான். ஆத்துல ஒரு புள்ளியில ஆரம்பிச்சு, 530 அடிக்குக் கீழ இருக்கிற இடத்துக்கெல்லாம் நீலம் அடிச்சா முடிஞ்சது வேலை. குவாபின் நிரம்பினா நீர்மட்டம் 530 அடின்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு.

உயரத் தரவு வேணுமே? செயற்கைக்கோளும் விமானமும் அளந்த தரவு இலவசமாக் கிடைக்குது. இறக்கினேன், திறந்தேன். பள்ளத்தாக்கே இல்லை. 39 சதுர மைலும் தட்டு மாதிரி ஒரே உயரம். பல்பு வாங்கினப்புறம்தான் உறைச்சது. இப்போதைய அளவைகளுக்குத் தெரியறது தண்ணியோட மேல்மட்டம் மட்டும்தான். அந்த வயல், அந்தச் சரிவு, ஆறு வளைஞ்ச விதம் எல்லாம் எனக்குக் கிடைச்சது, 1880கள்ல முக்காலியோட அலைஞ்ச அந்த ஆட்கள் கையால போட்ட பழுப்புக் கோட்டுலதான்.

வேற வழியில்லை. இலவச நிலத்தரவு மென்பொருள் ஒண்ணை வச்சு, பழைய தாளை இன்னிய மேப் மேல பொருத்தி, ஒவ்வொரு கோடா மவுஸால கையாலயே ஒத்தி எடுத்தேன். ஆபீஸ்ல அஞ்சு நாள் ஆணி, வீட்ல ரெண்டு நாள் கான்டூர். "லீவு நாள்லகூட கம்ப்யூட்டர்ல கோலம் போட்டுக்கிட்டு இருக்கானே"ன்னு அம்மா போன்ல அப்பாகிட்ட புலம்பினது காதுல விழுந்தது :-)

முதல்தடவை ஓட்டினப்போ தண்ணி நிக்கவே இல்லை. தெற்குப் பக்கமா ஊத்திக்கிட்டுப் போயிடுச்சு. ஆமா, அணையே கட்டலையே! ஸ்விஃப்ட் நதி வெளியேறுற இடுக்குல ஒரு சுவர் வச்சேன். அப்பவும் ஓடுச்சு. உத்துப் பார்த்தா கிழக்கே பீவர் புரூக்னு ஒரு சின்ன ஓடை, அது வழியா இன்னொரு இடைவெளி. அங்கேயும் ஒரு சுவர் வச்சப்புறம்தான் நின்னுச்சு. நிஜத்துலயும் ரெண்டுதான் கட்டியிருக்காங்க. ஆத்துல 2,640 அடி நீள வின்ஸர் அணை, ஓடையில 2,140 அடி நீள குட்னஃப் கரை. தலைமைப் பொறியாளர் ஃப்ராங்க் வின்ஸர், இந்தத் திட்டத்தை 1922 அறிக்கையில வலியுறுத்தின சேந்தஸ் குட்னஃப் ரெண்டு பேர் பேரையும் வச்சிருக்காங்க. ரெண்டும் மண் அணைதான். மண்ணைத் தண்ணியில கரைச்சு ரெண்டு ஓரத்துலேர்ந்தும் குழாயில பாய்ச்சுவாங்க. கனமான மணலும் சரளையும் ஓரத்துலயே தங்கிடும். நைஸான களிமண் நடுவுக்கு வந்து படிஞ்சு, தண்ணி கசியாத ஒரு சுவரா இறுகிடும். எஞ்சினீயரிங்கா மட்டும் பார்த்தா, சும்மா சொல்லக்கூடாது, அருமையான வேலை.

தண்ணி நின்னுச்சு, ஆனா கரை பொருந்தலை. இன்னிய ஏரியைவிட என் ஏரி எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொழுத்திருந்தது. பழைய தாளோட பிழைன்னு நினைச்சு ரெண்டு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். கடைசியில பார்த்தா பிழை என் பக்கம். அந்த 530 அடிங்கிறது கடல்மட்டத்துலேர்ந்து அளந்தது இல்லை, 'பாஸ்டன் நகர அடிமட்டம்'னு பாஸ்டன் தனக்குன்னு வச்சிருக்கிற பூஜ்யத்துலேர்ந்து அளந்தது. அது பழைய டோபோ தாள்கள் கணக்கு வைக்கிற கடல்மட்டத்தைவிட சுமார் அஞ்சரை அடி கீழே. தாளோட கணக்குல நீர்மட்டம் 524 அடி. ரெண்டு சிஸ்டம் ரெண்டு அலகுல பேசினா வர்ற அதே பழைய பக்! பாஸ்டனோட பூஜ்யத்துலேர்ந்து அளந்தே 65 மைல் தள்ளி இருக்கிற ஊர்களை மூழ்கடிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சப்போ, பக் கிடைச்ச சந்தோஷத்தோட வேற என்னவோ ஒண்ணும் சேர்ந்து வந்தது.

524-னு மாத்தினதும் கரை ஏறக்குறையப் பொருந்திடுச்சு. தாள்ல 520 அடின்னு போட்ட பழுப்புக் கோடுதான் கிட்டத்தட்ட இன்னிய கரை. பாமராய், லிஸ்ஸி, சையான் மலைகள் எல்லாம் தீவாயிடுச்சு. என்ஃபீல்ட் காணாமப் போச்சு, கிரீன்விச் காணாமப் போச்சு. கோட்டுக்குக் கீழ இருந்த சதுரங்களுக்குச் சிவப்பு அடிச்சேன். மேல இருந்ததுக்குப் பச்சை. சிவப்பு போனது, பச்சை தப்பிச்சது.

டேனா ஊரோட மையம் கிழக்கே அடுத்த தாள்ல வருது. அதையும் இறக்கி ஒட்டிப் பார்த்தேன். டேனா காமன் முழுக்கப் பச்சை! ஊர் தண்ணிக்கு மேலதான் இருக்கு. அப்பாடா, நாலுல ஒண்ணாவது தப்பிச்சதேன்னு ஒரு சந்தோஷம். அடுத்த சனிக்கிழமையே அம்மாவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

*

'கேட் 40'ன்னு ஒரு இரும்புத் தடுப்பு. காரை அங்க விட்டுட்டு, பழைய சாலையில ரெண்டு மைலுக்குக் கொஞ்சம் குறைவா நடக்கணும். ரெண்டு பக்கமும் காடு. காட்டுக்குள்ள போகப் போக, அடுக்கின கல் மதில்கள் மரங்களுக்கு நடுவுல ஓடிக்கிட்டே இருக்கு. "காட்டுல யாருடா வேலி போட்டாங்க?"ன்னு அம்மா கேட்டாங்க. காடு இல்லை அது, யாரோட வயலோ.

டேனா காமன் ஒரு புல்வெளி. சுத்தி ஒரு வீடுகூட இல்லை.

படிக்கட்டு இருக்கு, அது ஏறிப் போற வாசல் இல்லை. வீடு இருந்த இடத்துலெல்லாம் சதுரமா ஒரு பள்ளம், கல் வச்சுக் கட்டின நிலவறை, அதுக்குள்ள மரம் முளைச்சிருக்கு. சில பள்ளங்களுக்கு முன்னாடி, இங்க இருந்தது இதுதான்னு பழைய புகைப்படம் போட்ட பலகை. ஹோட்டல், பள்ளிக்கூடம், டவுன் ஹால். நடுவுல, வீட்டையும் வாழ்க்கையையும் விட்டுக்குடுத்தவங்க நினைவா ஒரு கல்.

என் மேப்ல இதெல்லாம் பச்சை. ஆனா இங்க ஒரு சொட்டுத் தண்ணி இல்லை, ஒரு வீடும் இல்லை.

அம்மா ஒரு படிக்கட்டுல உட்கார்ந்து, பக்கத்துப் பள்ளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டுக் கேட்டாங்க: "தண்ணிதான் இங்க வரலையே. அப்புறம் ஏன்டா இவங்களையும் போகச் சொன்னாங்க?"

*

வீட்டுக்கு வந்து மறுபடி படிச்சேன். விடை நான் ஏற்கனவே படிச்ச வரிகளுக்குள்ளயேதான் இருந்தது. நான்தான் கான்டூரை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்.

குவாபின் தண்ணியை வடிகட்டுறதில்லை. இன்னிக்கும் ஓசோன், புற ஊதா ஒளியில கிருமி நீக்குறாங்க, ஆனா வடிகட்டும் நிலையம் கிடையாது. அமெரிக்கப் பெருநகரங்கள்ல ரொம்பச் சிலதுக்குத்தான் இப்படி அனுமதி. அது எப்படி சாத்தியம்? ஏரியைச் சுத்தி மனுஷன் வாழக்கூடாது, மாடு மேயக்கூடாது, ஆலை ஓடக்கூடாது. மழை காட்டு மேல பெய்ஞ்சு காட்டு வழியாவே ஏரிக்கு வரணும். காடுதான் வடிகட்டி. அதுக்குத்தான் கரையோட நிக்காம, அதுக்கு மேல நீர்ப்பிடிப்புப் பகுதியிலயும் பெரும்பரப்பை எடுத்துக்கிட்டாங்க. டேனா காமனை ஏரி விழுங்கலை, ஏரியோட சுத்தம்தான் விழுங்குச்சு.

ப்ரெஸ்காட்டும் அப்படித்தான். ஊர் மையம் மலை மேல. இன்னிக்கும் அந்த மலைமுதுகு ஒரு தீபகற்பமா ஏரிக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்குது. பொதுமக்களுக்கு அங்க அனுமதி இல்லை. நாலு ஊர்ல முதல்ல கை விட்டது ப்ரெஸ்காட்தான், 1928-லயே ஊர் நிர்வாகத்தை ஆணையத்துகிட்ட ஒப்படைச்சாங்க. அந்த ஊர் மாதாகோயிலை ஒரு ஆலை அதிபர் வாங்கி, கழட்டி, சவுத் ஹாட்லியில திரும்பக் கட்டினார். இப்ப அது ஒரு அருங்காட்சியகம்.

தண்ணி குறைஞ்சா மாதாகோயில் கோபுரம் தெரியும்னு இங்கேயும் ஒரு கதை சொல்வாங்க. பொய். வீடுகளை வித்தாங்க, கழட்டினாங்க, எரிச்சாங்க. கரைக்கோட்டுக்குக் கீழ ஒரு மரம்கூட இல்லாம வெட்டினாங்க. அந்த வேலைக்கு பாஸ்டன் பக்கத்துலேர்ந்து கொண்டுவந்த ஆட்களுக்கு உள்ளூர்க்காரங்க வச்ச கிண்டல்பேர் 'மரங்கொத்தி'. கல்லறைகளைக்கூட விடலை. சுமார் 7,500 உடல்களைத் தோண்டி எடுத்து, வேர் ஊர்ல குவாபின் பார்க் கல்லறைன்னு புதுசா ஒண்ணு அமைச்சு அங்க அடக்கம் பண்ணினாங்க. கணக்குப் பார்த்தீங்களா? கிளம்பின உயிருள்ளவங்க 2,500. அதைப்போல மூணு மடங்கு இறந்தவங்க. உயிரோட இருந்தவங்களுக்குப் பணத்தைக் குடுத்து எங்கேயோ போங்கன்னுட்டாங்க. செத்தவங்களுக்குத்தான் எல்லாரும் ஒண்ணா இருக்க ஒரு இடம் கிடைச்சது.

அவங்க எதிர்க்கலையான்னு கேப்பீங்க. எதிர்த்தாங்க. ஆனா 1927-ல ஸ்விஃப்ட் நதிச் சட்டம் மாநில சட்டசபையில நிறைவேறினப்போ பாஸ்டன் வட்டாரத்துக்கு எத்தனை ஓட்டு, இந்தப் பள்ளத்தாக்குக்கு எத்தனை ஓட்டு? ஆத்துல தண்ணி குறையும்னு கீழ இருக்கிற கனெக்டிகட் மாநிலம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1931-ல தோத்துப்போச்சு. 1939 ஆகஸ்ட்ல தண்ணி தேங்க ஆரம்பிச்சு, 1946-ல நிரம்புச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். குவாபின்ங்கிறது நிப்மக் பழங்குடிகளோட சொல், தண்ணி நிறைஞ்ச இடம்னு பொருள் சொல்றாங்க. 1754-ல ஊர் கட்டினவங்களுக்கு முன்னாடி அவங்கதான் இங்க இருந்தாங்க. 1880கள்ல வரைஞ்ச தாள்ல அவங்க வீட்டுக்குச் சதுரம் கிடையாது. ஒரு குன்றுக்குப் பேரா மட்டும் மிஞ்சியிருக்காங்க. அந்தப் பேரையே கடைசியில ஏரிக்கும் வச்சாச்சு.

*

இது தேவைதானான்னு கேட்டா, சுலபமா பதில் சொல்ல முடியலை. 30 லட்சம் பேருக்குத் தண்ணி வேணும். பெரும்பாலும் பம்பு இல்லாம சரிவுலயே வர்ற தண்ணி. ஆள் நடமாட்டம் இல்லாத அந்தக் காட்டுலதான் 1982-லேர்ந்து வெண்தலைக் கழுகுகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, மாசசூசெட்ஸ்ல அந்த இனம் மறுபடி கூடு கட்ட ஆரம்பிச்சது. எல்லாம் நல்லதுதான்.

ஆனா 1980கள்ல நடந்த ஒண்ணு உறுத்துது. பாஸ்டனுக்கு குவாபினும் போதலைன்னு, கனெக்டிகட் நதியிலேர்ந்து தண்ணியைத் திருப்பலாம்னு பேச்சு ரொம்ப வருஷமா ஓடிச்சு. தினசரி செலவு 30 கோடி கேலனைத் தாண்டியிருந்தது. மேற்குப் பக்கத்து மக்கள் இந்த முறை விடலை, கடுமையா எதிர்த்தாங்க. அப்புறம் என்ன பண்ணினாங்க தெரியுமா? ஓட்டைக் குழாயை அடைச்சாங்க! கசிவு தேடி சரி பண்றது, கழிவறையில குறைஞ்ச தண்ணி போற கருவி மாட்டுறது, தண்ணிக் கட்டணத்தை ஏத்துறது. இன்னிக்கு மக்கள் கூடியும் செலவு சுமார் 20 கோடி கேலன்தான். புது ஆறு எதுவும் தேவைப்படலை. 1927-லயே குழாயை அடைச்சிருந்தா டேனா இருந்திருக்கும்னு நான் சொல்ல வரலை, அது வேற காலம். ஆனா எதிர்க்கப் போதுமான ஆள் இருந்தாத்தான் ஓட்டைக் குழாய் கண்ணுக்குத் தெரியுதுங்கிறது மட்டும் உண்மை.

இப்பவும் கதை முடியலை. ஏரியைச் சுத்தி இருக்கிற சின்ன ஊர்கள்ல பலதுக்கு குவாபின் தண்ணி கிடையாது, வீட்டுக் கிணறுதான். தண்ணியைக் காக்குறதுக்காக எங்க நிலம் முடங்கிக் கிடக்கு, எங்களுக்கும் பங்கு குடுங்கன்னு 2023-ல சட்டசபையில ஒரு மசோதாவே கொண்டுவந்தாங்க.

*

அம்மா ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள், மேப்பைத் திருத்தினேன். நீர்ப்பிடிப்புக்காக எடுத்த நிலத்தோட எல்லையைப் போட்டு, அதுக்குள்ள இருந்த பச்சைச் சதுரத்தையெல்லாம் ஒவ்வொண்ணாச் சிவப்பாக்கினேன். ஒரே கட்டளையில மாத்தியிருக்கலாம், ரெண்டு நொடி வேலை. ஏனோ கையாலயே பண்ணணும்னு தோணுச்சு. டேனா காமனுக்கு வந்தப்போ அம்மா பின்னாடி வந்து நின்னாங்க.

"இதுல எதுடா நாம உட்கார்ந்த படிக்கட்டு?"

தாள்ல அவ்வளவு துல்லியம் இல்லை. ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல்ல படிக்கட்டு எங்க தெரியும்? ஆனாலும் சாலை பிரியற இடத்துலேர்ந்து கணக்குப் பண்ணி, இதா இருக்கலாம்மான்னு ஒரு சதுரத்தைக் காட்டினேன். கொஞ்சம் குனிஞ்சு பார்த்தாங்க. அப்புறம் சமையலறைக்குப் போனாங்க. குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவு நாளும் காய்ச்சித்தான் குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அன்னிக்கு ஒரு டம்ளர் பிடிச்சு அப்படியே குடிச்சுட்டு, மிச்சத்தைக் கொட்டாம ஜன்னல்ல இருந்த துளசிச் செடிக்கு ஊத்தினாங்க.

போறப்போ ஏர்போர்ட்ல சொன்னாங்க: "பல்லு விளக்கறப்போ குழாயைத் திறந்து விட்டுட்டு நிக்காதே."

இப்ப நிக்கிறதில்லை.